நிற்காமல் ஓட ஒரு கடிதம்

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓடத் தெரியாதவர் எவரும் இல்லை. சண்டைக்குப் பயந்து எண்பத்தைந்தில் ஓடினோம். எண்பத்தேழில் ஓடினோம். தொண்ணூறில் சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினோம். அந்தத் தொண்ணூறில் ஓடிக் களைத்து ஒரு பள்ளிக்கூடத்து வாங்கில் படுத்துக் கிடந்தபோது, இனி என்ன நடந்தாலும் ஓடுவதில்லை என்று சத்தியம் செய்தேன். என் பெயர் சாமித்தம்பி. தன்னாமுனைப் பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றினேனா என்று என் வயிற்றைப் பார்த்த யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் யாரும் துரத்தாமல், காரணமும் இல்லாமல், தன் பாட்டில் ஓடியவன் ஒருவன் இருந்தான். அவன் எனக்கு மச்சானாக வாய்த்தது என் தலையெழுத்து. பெயர் கனகசிங்கம், என் தங்கை சீதேவியின் புருஷன். புளியந்தீவில் நில அளவைக் கந்தோரில் சங்கிலி பிடிக்கிற வேலை. அறுபத்தாறு அடி நீளமான இரும்புச் சங்கிலியின் ஒரு நுனியை அவன் பிடிப்பான், மறுநுனியை இன்னொருவர் பிடிப்பார், காணி அளக்கப்படும். சண்டைக் காலத்தில் காணி அளக்க யார் போவது? முளை அடிக்கிற இடத்தில் கண்ணிவெடி இருக்கும். ஆகவே கந்தோருக்குப் போவான், கையெழுத்து வைப்பான், வாங்கில் குந்தியிருப்பான், திரும்பி வருவான். ஆறு வருஷம் குந்தியிருந்ததில் சீனி வருத்தம் வந்துவிட்டது.

டாக்குத்தர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார், ஓடச் சொல்லவில்லை. இதை நான் அப்போதே எல்லோரிடமும் சொன்னேன். இவன் ஒரு கிழமை நடந்தான், அலுத்துப் போனது, எட்டாம் நாள் காலையில் ஓடத் தொடங்கிவிட்டான்.

அந்த எட்டாம் நாளை எங்கள் ஊர் மறக்காது. விடிந்தும் விடியாத நேரம். கனகசிங்கம் றோட்டால் ஓடி வருகிறான். முதலில் பார்த்தவள் பால் கொண்டுபோன சின்னத்தங்கம். அவள் பால் போத்தலை வேலியில் வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து அவள் வீட்டார் ஓடினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வளவு. கால்மணி நேரத்தில் பாயும் தலையணையும் கோழியுமாக அரைவாசி ஊர் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. நான் மட்டும் சத்தியத்தை நினைத்துக் கடைக்குள் மாச்சாக்கின் பின்னால் ஒளிந்திருந்தேன். கடைசியாகக் கனகசிங்கம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன பிரச்சினை?" என்று இவர்களைக் கேட்டான்.

அவனை அன்று அடிக்காமல் விட்டது சீதேவியின் முகத்துக்காகத்தான். பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். கனகசிங்கம் ஓடுவதானால் மஞ்சள் பெனியன் போட்டுக்கொண்டு ஓடவேண்டும். மஞ்சள் பெனியன் ஓடினால் ஒன்றுமில்லை, வேறு எது ஓடினாலும் ஓடவேண்டும். நல்ல பளிச்சென்ற மஞ்சள் துணியை ஏறாவூர்ப் பிடவை வியாபாரி பாறூக் கொண்டுவந்து கொடுத்தான். பாறூக் எங்கள் இருவருக்கும் பழைய கூட்டாளி. சாமான் எடுக்க மாதம் இரண்டு தரம் கொழும்புக்குப் போய் வருவான், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவான்.

ஊரைச் சமாளித்தாயிற்று. அடுத்தது ஆமி. எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றி இரண்டு. அங்கே சைக்கிளில் வருகிறவனே இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும், ஓடிப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கனகசிங்கம் அதற்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டான். சென்றிக்கு ஐந்து சங்கிலித் தூரம் முன்னாலேயே ஓட்டத்தை நிறுத்துவான். இரண்டு கையையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். பொலித்தீன் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட அடையாள அட்டையைக் கழற்றி நீட்டுவான். "போ" என்று சொல்லும்வரை அசையமாட்டான். பிறகு ஐந்து சங்கிலி நடந்துவிட்டுத்தான் ஓட்டம். அவனுடைய ஓட்டத்தில் பாதி நிற்பதும் நடப்பதும்தான். அந்த நேரத்தை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை.

"நிக்கிறது ஓட்டத்தில சேராது மச்சான்," என்பான். "அது ஆமிட நேரம்."

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. சீனி குறைந்தது, வயிறு காணாமல் போனது. அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிச் சிரிக்கத் தொடங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. கந்தோரில் குந்தியிருந்து செத்த முகமாக வருகிறவன், காலையில் அந்த ஒரு மணி நேரம் மட்டும் மனிசனாக இருந்தான். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஊர் முகப்பிலிருந்த காம்புக்குப் புதிதாக ஒரு கப்டன் வந்தார். வந்த முதல் நாளே மஞ்சள் பெனியன் ஒன்று றோட்டால் ஓடுவதைக் கண்டார். கூப்பிட்டார்.

"ஏன் ஓடுறது?" என்று கேட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"சும்மா ஓடுறன் சேர்."

"யார் விரட்டுறது?"

"ஒருத்தரும் இல்ல சேர்."

அந்த மறுமொழியில் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. யாரும் விரட்டாமல் ஓடுகிற ஒருவன் இந்த மாவட்டத்தில் இருப்பதாக யார்தான் நம்புவது? அவரைக் குறை சொல்லமாட்டேன், நானும் நம்பமாட்டேன். கடைசியில் கப்டன் ஒரு கட்டளை போட்டார். நீ ஓட்டக்காரன் என்றால் அதற்கு அத்தாட்சி கொண்டுவா. அதுவரை நட.

கனகசிங்கம் அன்றிலிருந்து வீட்டு வளவுக்குள் கிணற்றைச் சுற்றி ஓடினான். ஒரு சுற்று இரண்டரைச் சங்கிலி. முப்பது சுற்றில் தலை சுற்றி மாட்டுக் கொட்டிலில் மோதுவான், எழும்பி மற்றப் பக்கமாகச் சுற்றுவான். கோழிகள் முட்டை இடுவதை நிறுத்திவிட்டன. ஒரு மாதத்தில் அதையும் விட்டுவிட்டான். பேச்சுக் குறைந்தது, சீனி ஏறியது.

சீதேவி கடைக்கு வந்து என்னிடம் அழுதாள். "அண்ணே, அந்த மனிசன் சோத்தப் பார்த்துக்கிட்டே இரிக்கார். அவர் திரும்ப ஓடுறதுக்கு எண்டாலும் ஒரு வழி பாருங்க." ஓடுகிற புருஷனைத் திட்டித் திட்டி வாய் வலித்தவள், அவன் ஓடவில்லை என்று அழுதபோது எனக்கும் மனம் கஷ்டமாகப் போய்விட்டது.

வழி பார்த்தவன் பாறூக். கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்தான். கொழும்பில் பெரிய ஓட்டம், யாரும் ஓடலாம், தூரம் இருபத்தொரு கிலோமீற்றர். இரண்டரை மணித்தியாலத்துக்குள் முடிக்கிறவர்களுக்குப் பெயர் எழுதி, முத்திரை குத்திய சான்றிதழ்.

"கப்டனுக்கு வேறென்ன அத்தாட்சி வேணும் கனகரண்ணே?" என்றான் பாறூக். "சிங்களத்தில எழுதி, கொழும்பு முத்திரையோட வருது."

கனகசிங்கம் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தான். இருபத்தொரு கிலோமீற்றர் என்றால் ஆயிரத்து நாற்பத்தைந்து சங்கிலிக்குச் சற்றுக் குறைவு. "ரெண்டு மணி பத்து நிமிசம் காணும் எனக்கு, கூட வேணாம்," என்றான். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான். துணைக்கு நானும் போகவேண்டும் என்று சீதேவி சொல்லிவிட்டாள். ஓடுகிறவனுடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டுமாம்.

கொழும்பு போய்ச் சேர்வதே ஒரு ஓட்டம்தான். பஸ்ஸிலிருந்து ஒன்பது இடத்தில் இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு இடத்திலும் பையைத் திறந்து, மஞ்சள் பெனியனை விரித்துக் காட்டி, மடித்து வைத்தோம். புறக்கோட்டையில் லொட்ஜில் தங்குவதற்குப் பொலிசில் பதியவேண்டும். பதிகிற பொலிஸ்காரர் கொழும்புக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார். கனகசிங்கம் உண்மையைச் சொன்னான். ஓட வந்தேன். பொலிஸ்காரர் பேனையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். பாறூக் இடையில் புகுந்து அரைமணி நேரம் சிங்களத்தில் விளக்கி, பத்திரிகைத் துண்டைக் காட்டி எங்களை மீட்டான். அதன் பிறகு லொட்ஜுக்குப் போகும்வரை கனகசிங்கம் வாய் திறக்கக்கூடாது என்று தீர்மானித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற வெள்ளாப்பில் காலிமுகத்திடல். ஆயிரக்கணக்கான சனம். கட்டைக் களிசானும் சப்பாத்துமாக நின்று கையைக் காலை ஆட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். இவ்வளவு பேர் ஓடப் போகிறார்கள், ஒருவர் கையிலும் ஒரு மூட்டை இல்லை. எனக்குப் பார்க்கவே அந்தரமாக இருந்தது. கனகசிங்கம் மஞ்சள் பெனியனில் இலக்கத்தைக் குத்திக்கொண்டு நடுவில் நின்றான். கழுத்தில் அடையாள அட்டை. நானும் பாறூக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவனுடைய சாரத்தோடு நின்றோம்.

ஓட்டம் தொடங்குவதற்குத் துவக்கால் சுடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வெடி கேட்டது. ஆயிரம் பேர் முன்னால் பாய்ந்தார்கள். கனகசிங்கம் குப்புற விழுந்து படுத்தான், இரண்டு கையும் தலைக்கு மேலே. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் படுத்தேன். படுத்தபடி திரும்பிப் பார்த்தேன், பாறூக் எனக்கு முன்னமே படுத்திருந்தான். பக்கத்தில் நின்ற கொழும்புப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டாள். பாறூக் தன் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பி, ஏதோ சாமான் விழுந்துவிட்டது, தேடினோம் என்றான். கனகசிங்கம் எழும்பியபோது அவனுக்குப் பின்னால் ஓடுவதற்கு ஒருவரும் மிச்சமில்லை.

ஆனால் எழும்பி ஓடினான் பாருங்கள். எனக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் அந்த மஞ்சள் பெனியன் ஆட்களைக் கடந்து கடந்து போனதைப் பார்த்தபோது வாய்விட்டுக் கத்தினேன். பாறூக் ஒரு ஓட்டோவைப் பிடித்தான். குறுக்குத் தெருவால் போய் நாலாவது மைலுக்குப் பக்கத்தில் காத்து நின்றோம். அங்கே தண்ணீர் கொடுக்க ஒரு மேசை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பீப்பா, நடுவில் கயிறு, காக்கி உடுப்புப் போட்ட பள்ளிக்கூடக் கெடெற் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பார்த்தால் அச்சாக ஒரு சென்றி, இவன் நின்றுவிடுவானோ என்று நினைத்தேன்.

நினைத்தது நடந்தது. மேசைக்குச் சரியாக ஐந்து சங்கிலி முன்னால் கனகசிங்கம் ஓட்டத்தை நிறுத்தினான். கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். மற்றவர்கள் ஓடுகிற ஓட்டத்திலேயே தண்ணீரைப் பறித்துத் தலையில் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். இவன் மேசைக்கு முன்னால் வந்து நின்று, கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, தண்ணீர் கொடுத்த பெண்பிள்ளையிடம் நீட்டினான்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிட்டாள். கனகசிங்கம் அசையவில்லை. பத்திரிகைக்காரன் ஒருவன் முன்னால் வந்து படம் எடுத்தான். அதற்கும் அசையவில்லை.

"மச்சான், ஓடு," என்று நான் கத்தினேன்.

அவன் உதட்டை அசைக்காமல், "சத்தம் போடாத மச்சான், இன்னும் போகச் சொல்லல்ல," என்றான்.

கடைசியில் அந்தப் பிள்ளை பயந்துபோய்ச் சிங்களத்தில், போங்கள் மாமா, என்றாள். கனகசிங்கம் தலையைக் குனிந்து மரியாதை செய்து, ஐந்து சங்கிலி நடந்து, பிறகு காற்றாகப் பறந்தான். அப்படி எட்டு மேசை இருந்தது. எட்டிலும் நின்றான். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் நாங்கள் ஓட்டோவில் போய்க் காத்திருந்து திட்டினோம். "தெரியும் மச்சான், இது சென்றி இல்ல எண்டு எனக்குத் தெரியும்," என்றான். "கால் நிக்குது. நான் என்ன செய்ய?"

இரண்டு மணி நாற்பத்தோரு நிமிசத்தில் முடித்தான். சான்றிதழ் மேசையை மூடிப் பத்து நிமிசம் ஆகியிருந்தது. ஒரு பணிஸும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். கடற்கரைக் கட்டின் மேல் குந்தி, வாழைப்பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நான் ஓடினது ரெண்டு மணி ஒன்பது நிமிசம் மச்சான்," என்றான். "மிச்சம் நிண்டது."

வழக்கமாக அந்த இடத்தில் நான் ஏதாவது குத்தலாகச் சொல்வேன். அன்று வாழைப்பழத்தை வாங்கி உரித்து அவன் கையில் கொடுத்தேன். இனி அவன் கிணற்றையும் சுற்றமாட்டான் என்று தெரிந்தது. எட்டு மேசையில் ஏழில் மட்டும் அவன் நின்றிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். எட்டிலும் நின்றபோது கோபப்பட யாரைத் தேடுவது என்று தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் காலை பஸ் ஏறப் போகும்போது பாறூக் ஒரு சிங்களப் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். உள்பக்கத்தில் பெரிய படம். இலக்கம் குத்திய மஞ்சள் பெனியனோடு கனகசிங்கம், ஒரு கை விரித்தபடி, மறுகையில் அட்டை. எதிரில் தண்ணீர்க் கோப்பையோடு திகைத்து நிற்கிற பெண்பிள்ளை. கீழே எழுதியிருந்ததைப் பாறூக் வாசித்துச் சொன்னான். மட்டக்களப்பிலிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவர் தண்ணீர் மேசையில்.

"ஓட்டக்காரர் எண்டு போட்டிரிக்கான் அண்ணே," என்றான் பாறூக். "அத்தாட்சி இது காணும்."

"படத்தில நான் நிக்கிறன் எலுவா, ஓடல்லயே," என்றான் கனகசிங்கம்.

வேறு வழியில்லை. ஊருக்கு வந்ததும் மூன்று பேருமாகக் காம்புக்குப் போய்ப் பத்திரிகையை நீட்டினோம். கப்டன் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பத்திரிகை கைக்குக் கை மாறி, சென்றியில் நின்ற ஆமிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பத்திரிகை திரும்பத் தன் கைக்கு வந்தபோது கப்டன் இன்னொரு முறை பார்த்தார்.

"எத்தனை மேசை?" என்று கேட்டார்.

"எட்டு சேர்."

"எட்டிலயும் நிண்டது?"

"ஓம் சேர்."

அவர் பிறகு சிரிக்கவில்லை. கடதாசி எடுத்து எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பாறூக் வாசித்தான். இந்தக் கடிதம் வைத்திருப்பவர் ஓட்டக்காரர். இவர் சென்றிகளில் நிற்காமல் ஓடிப் போகலாம்.

அப்படி ஒரு கடிதம் எங்கள் மாவட்டத்தில் வேறு யாரிடமும் இருந்திருக்காது. அன்று இரவு சீதேவி பால்சோறு காய்ச்சினாள். கனகசிங்கம் அதை இரண்டு கரண்டிக்கு மேல் சாப்பிடவில்லை, விடிந்தால் ஓட்டம் என்றான்.

விடிந்தது. டவுன்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். போகும்போது இரண்டு சென்றியிலும் பழக்கத்தில் நின்றுவிட்டானாம், திட்டி அனுப்பினார்களாம். வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஊர் முகப்புச் சென்றியை நிற்காமல் கடந்தான். இரண்டு வருஷ ஆசை. கடந்த சந்தோசத்தில் முழு வேகத்தில் ஊருக்குள் பாய்ந்தான்.

கடை திறந்துகொண்டிருந்த நான் அதைப் பார்த்தேன். சென்றியிலும் நிற்காமல் கனகசிங்கம் ஓடி வருகிறான். எனக்குக் கடிதம் தெரியும், காரணம் தெரியும், கடிதத்தை வாங்கப் பக்கத்தில் நின்றவனே நான்தான். ஆனால் அந்த நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சென்றியில் நிற்காமல் ஓடுகிற அளவுக்கு டவுனில் என்னவோ நடந்துவிட்டது என்றுதான் தோன்றியது. கையில் அகப்பட்ட சங்கக்கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் சின்னத்தங்கம் ஓடினாள், பின்னால் முழு ஊரும் ஓடி வந்தது. எல்லோருக்கும் பின்னால் கனகசிங்கம், "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, கடிதம் இரிக்கு," என்று கத்திக்கொண்டு, எங்களைப் பிடித்து நிறுத்த இன்னும் வேகமாக ஓடி வந்தான். அவன் வேகம் கூட்டக் கூட்ட நாங்களும் கூட்டினோம்.

பள்ளிக்கூடத்து வாங்கில் தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அதே பள்ளிக்கூடம், அதே வாங்கு. ஊரே கூடி நின்று கனகசிங்கத்தைத் திட்டியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். பிறகு என்னிடம் வந்து தன் கைமணிக்கூட்டைப் பார்த்தான்.

"உன்ட கடையில இரிந்து நாப்பத்தெட்டுச் சங்கிலி, அஞ்சரை நிமிசம்," என்றான். "தராசோட. கொழும்புக்கு உன்னத்தான் கொண்டுபோயிருக்க வேணும் மச்சான்."

நான் அவனோடு ஒரு கிழமை பேசவில்லை.

பிறகு ஒருநாள் காலை கடை வாசலில் நின்று பார்த்தேன். மஞ்சள் பெனியன் வருகிறது. சென்றிக்கு ஐந்து சங்கிலி முன்னால் ஓட்டம் நின்றது. கையை விரித்துக்கொண்டு நடந்தான், பொலித்தீன் உறையைக் கழற்றி நீட்டினான். உறைக்குள் அடையாள அட்டையோடு அந்தக் கடிதமும் மடித்து வைத்திருந்தான். சென்றியில் நின்ற ஆமிக்காரன் கடிதத்தை விரித்து முழுதாக வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தான். நிற்கத் தேவையில்லை என்று எழுதிய கடிதத்தைத் தினமும் நின்று காட்டிவிட்டுத்தான் என் மச்சான் ஓடுகிறான். அவன் அங்கே நிற்பதைப் பார்த்த பிறகுதான் சின்னத்தங்கம் பால் போத்தலைத் தூக்குகிறாள், நானும் கடையைத் திறக்கிறேன்.